முட்டைக்கா, மூட்டைக்கா?

நாமக்கல், புதுச்சத்திரம், எருமப்பட்டி, சேந்தமங்கலம், ராசிபுரம், சங்ககிரி பக்கம் முதல் பிக்கப் எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு,

சரக்கு வண்டிகளின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது. அதுவரை 'அடுத்த வருசம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள்கூட இப்போது கொட்டேஷனும் கையுமாகத் திரிகிறார்கள். லாரிக்கு பாடி கட்டும் ஊரில் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே தலை நரைத்தவன் என்பதால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். பொலேரோ பிக்கப் எடுக்கட்டுமா, படா தோஸ்த் எடுக்கட்டுமா? கேட்டு முடித்ததும் இரண்டு வால் சேரும். "பின்னாடி ஏதாச்சும் கட்டி இழுக்கவும் வேணுங்க. அப்படியே வீட்டாளுங்களையும் கூட்டிக்கிட்டுப் போகோணும்."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டை ஏற்றுபவர் படா தோஸ்த் எடுங்கள். தீவன மூட்டை, சிமென்ட், கம்பி, போர்வெல் சாமான் ஏற்றுபவரும், கொக்கி மாட்டி இழுக்க நினைப்பவரும் பொலேரோ எடுங்கள். வீட்டாரைக் கூட்டிப்போக இரண்டுமே வேண்டாம். டாடா யோதா பற்றிக் கேட்பவர்கள் பொலேரோவுக்குச் சொல்வதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் மூக்கு நீண்ட வண்டிதான்.

காரணம் வேண்டுமென்றால் மேலே படியுங்கள்.

விளம்பரத் தாளில் எல்லோரும் முதலில் பார்ப்பது இன்ஜின். பொலேரோவின் 1.7 டன் மாடலில் 2.5 லிட்டர், நாலு சிலிண்டர், ஏறத்தாழ 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் டார்க். ஓசூர் அசோக் லேலண்டின் படா தோஸ்த் ஐ4 மாடலில் 1.5 லிட்டர், மூணு சிலிண்டர், 80 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர். இதை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள். அந்தப் பத்து நியூட்டன் மீட்டரை உங்கள் கால் உணரவே உணராது. தாளில் பார்க்க வேண்டிய எண்கள் வேறு. ஏற்றக்கூடிய எடை பொலேரோவில் 1,700 கிலோ, படா தோஸ்த் ஐ4-ல் 1,860 கிலோ. தோஸ்தில் ஓட்டுநர் முன் அச்சுக்கு மேலேயே உட்காருவதால் தொட்டி நீளம் 9 அடி 8 அங்குலம் வரை கிடைக்கிறது. பொலேரோவில் மூக்குக்கு இடம் போய்விடுவதால் தொட்டி 9 அடியோடு நின்றுவிடுகிறது.

இப்போது முட்டைக்கு வருவோம். முட்டை ஒன்று சராசரியாக 55 கிராம். 30 முட்டை கொண்ட அட்டை, அட்டையின் எடையும் சேர்த்து 1.7 கிலோ என்று வையுங்கள். ஐ4-ன் 1,860 கிலோவில் ஓட்டுநர், கூட வரும் ஆள் இருவருக்கும் 150 கிலோவைக் கழியுங்கள். மேலே கட்டும் கூண்டு, தார்ப்பாய், கயிறு எல்லாம் சேர்த்து இன்னொரு 150 கிலோ போகட்டும். மீதி 1,560 கிலோ. அதில் ஏறுவது 915 அட்டை சொச்சம், அதாவது 27,000 முட்டைக்குச் சற்று மேல். அட்டை ஒரு அடிக்கு ஒரு அடி. அந்தத் தொட்டியில் நீளவாக்கில் ஒன்பதும் அகலவாக்கில் ஐந்துமாக 45 அடுக்கு நிற்கும். அடுக்குக்கு 20 அட்டை வைத்தாலே 900 வந்துவிடுகிறது. முட்டை வைத்த அட்டை ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும்போது ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் உயரம் பிடிக்கும். ஆக, ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கியதுமே வண்டியின் கணக்கு முடிந்தது.

நம் ரோட்டில் போகும் முட்டை வண்டியைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு, கூண்டின் கூரையை முட்டும்வரை அடுக்கியிருக்கிறார்கள். 36 அட்டை உயரம் என்றால் 1,620 அட்டை, 2,750 கிலோ. அனுமதிக்கு மேல் 1,200 கிலோ. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. மிச்சச் சரக்கை அங்கேயே இறக்கிவிட்டுத்தான் நகர முடியும். வெயிலில், ரோட்டோரத்தில், முட்டையை! முட்டை லேசான சரக்கு என்ற நினைப்புதான் இங்கே பாதிப் பேரை ஏமாற்றுகிறது. உடையும் பொருள் என்பதால் கை அதை மெதுவாகத் தூக்குகிறது, மனசு அதை எடையில்லாதது என்று எடுத்துக்கொள்கிறது.

உடைசல் கணக்கையும் பார்த்துவிடுவோம். முட்டை 5 ரூபாய் என்று வைத்தால் 27,000 முட்டை 1,35,000 ரூபாய். நூற்றுக்கு ஒன்று விரிசல் விட்டாலும் ஒரு நடைக்கு 1,350 ரூபாய் போச்சு. மாதம் 25 நடை ஓடினால் 33,750. பல பேருக்கு வண்டியின் டியூவே அவ்வளவுதான் வரும். அதனால்தான் முட்டைக்காரர் இன்ஜினைவிட ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும் என்கிறேன். படா தோஸ்தின் முன்பக்கம் பாராபோலிக் பட்டை. பட்டைகள் குறைவு, ஒன்றோடொன்று உரசுவதும் குறைவு, குழியில் இறங்கி ஏறும்போது அதிர்வு மெல்ல அடங்கும். நீளமான தொட்டியும் கை கொடுக்கிறது, ஏனென்றால் அதே சரக்கைத் தாழ்வாகப் பரப்பி அடுக்கலாம். உயரம் குறைந்தால் அடி அட்டைக்குச் சுமையும் குறையும், திருப்பத்தில் ஆட்டமும் குறையும்.

எடுத்த கையோடு 'ரெண்டு பட்டை சேத்திப் போடுங்க, பின்னாடி உக்காருது' என்று வந்து நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டை சேர்த்தால் வண்டி நிமிரும், உண்மைதான். அச்சு அதே அச்சு, பிரேக் அதே பிரேக், டயர் அதே டயர். லோடு குறைவாக இருக்கும் நாளில் அந்த விறைப்பு முழுவதும் முட்டைக்குத்தான் போய்ச் சேரும்.

சரி, பண்ணைக்காரர்களே, உங்கள் கணக்கு இதற்கு நேர்மாறு. முட்டைக்கோழி ஒன்று நாளைக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்கிறது. பத்தாயிரம் கோழி என்றால் 1,100 கிலோ, 50 கிலோ மூட்டையில் 22 மூட்டை. நல்ல பருவத்தில் அந்தக் கோழிகள் போடும் 9,000 முட்டையின் எடை 500 கிலோவைத் தொடாது. பண்ணைக்குள் போகும் எடை, வெளியே வரும் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! முட்டை ஊர் என்று நாம் பெயர் வாங்கியிருக்கிறோம், ஆனால் நம் ரோடுகள் அதிகம் சுமப்பது மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும்தான். சிறு பண்ணையில் முட்டையை வியாபாரியே தன் வண்டியில் வந்து எடுத்துப்போகிறார். உங்கள் வண்டிக்கு வேலை மூட்டை சுமப்பது. மூட்டைக்கு அதிர்வு பற்றிக் கவலையில்லை, இடமும் அதிகம் பிடிக்காது. முப்பது மூட்டை போட்டால் 1,500 கிலோ, 9 அடித் தொட்டியில் இரண்டு மூன்று வரிசை உயரத்தோடு அடங்கிவிடும். மண் தடத்தில், மழைக்குப் பிறகு ஷெட்டு வாசல்வரை போய் ரிவர்ஸ் எடுக்கும் பிழைப்புக்குப் பெரிய இன்ஜின் அலுத்துக்கொள்ளாது. குறைந்த சுற்றிலேயே இழுக்கும், கிளட்ச்சைத் தேய்க்க வேண்டியதில்லை. எந்த ஊர் ஒர்க் ஷாப்பிலும் கழற்றிப் போடத் தெரிந்த வண்டி அது. உடைந்தால் உதிரிபாகத்துக்குச் சேலம்வரை ஓட வேண்டியதில்லை என்பது சிறிய விஷயமில்லை.

இழுப்பது பற்றி.

ஜெனரேட்டர், வெல்டிங் செட், தண்ணீர் டேங்க், சின்ன கம்ப்ரசர் இவற்றைச் சக்கரத்தில் ஏற்றிப் பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு போகலாம் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். செல்போனில் அமெரிக்க வீடியோ பார்க்கிறீர்கள். அங்கே ஃபோர்டு எஃப்-150 சரியான பொருத்தத்தில் ஆறு டன்னுக்கும் மேல் இழுக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சோதனை முறை இருக்கிறது. எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற விதிமுறைப்படி, அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் வெயில் காலத்தில், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்க, ட்ரெய்லரோடு குறிப்பிட்ட வேகம் குறையாமல் ஏற வேண்டும். ஏறிக் காட்டிய பிறகுதான் கம்பெனி அந்த எடையை விளம்பரத்தில் போடும். நமக்கும் தொப்பூர்க் கணவாய் இருக்கிறது. ஆனால் இங்கே பிக்கப் விற்பவர் உங்களிடம் சொல்லும் எடை முதுகில் ஏற்றும் எடை. கொக்கியில் மாட்டும் எடையைக் கேளுங்கள். 'அதெல்லாம் இழுக்குமுங்க' என்ற வாய்ப்பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை கிலோ என்று எழுத்தில் வாங்குங்கள். தராவிட்டால் அதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் வாங்கினாலும் பொலேரோவைத்தான் இதற்குச் சொல்வேன். ட்ரெய்லரின் முன்பாரம் கொக்கியின் மேல் உட்காரும்போது பின் அச்சு அமுங்குகிறது, முன் சக்கரம் அந்த அளவுக்கு லேசாகிறது. இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் முன்பக்கப் பாரம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இறக்கத்தில் பெரிய இன்ஜின் கியரில் பிடித்து நிறுத்துவது நன்றாகத் தெரியும். தொட்டி நிறைய ஏற்றிக்கொண்டு பின்னாலும் கட்டி இழுப்பது எந்த வண்டிக்கும் ஆகாது. அப்புறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் ட்ரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் பதிவு வேண்டும், எண் வேண்டும். பட்டறையில் அச்சும் இரண்டு சக்கரமும் வாங்கி வெல்டு வைத்து மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஏறினால், விபத்து நடந்த அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும். காட்டுக்குள் இழுக்க வேண்டியதை டிராக்டரிடமே விட்டுவிடுங்கள். வாடகைக்குக் கிடைக்காத ஊரா நம் ஊர்?

தொப்பூரைச் சொன்னேன் அல்லவா. பெங்களூருக்கு லைன் ஓட்டப்போகிறவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். போகும்போது லோடோடு ஏறுகிறீர்கள், திரும்பும்போது காலியாக, தூக்கக் கலக்கத்தில், தர்மபுரி பக்கமிருந்து இறங்குகிறீர்கள். அந்தக் கணவாயில் பெரிய விபத்துகள் நடப்பது சேலம் நோக்கி இறங்கும் பக்கத்தில். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது பழைய டிரைவர்களிடமிருந்து தொற்றிய வியாதி. உங்கள் முன்னால் இறங்கும் லாரி அதைச் செய்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் மூன்றாவது கியரில் இறங்குங்கள், பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

காகித விஷயத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். மொத்த எடை 3,000 கிலோ தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்று சட்டத்தின் 66-ஆம் பிரிவே விலக்கு தருகிறது. அந்தக் கோட்டுக்குள் நிற்பதற்காகவே 2,990 கிலோ என்று மாடல் விடுகிறார்கள். படா தோஸ்திலேயே ஐ3 அந்த ரகம். ஐ4 மொத்த எடை 3,490 என்பதால் பர்மிட் வேண்டும். உள்ளூர் லைன் மட்டும், நாளைக்கு 500, 600 அட்டைதான் என்றால் ஐ3 போதும், ஒரு தலைவலி குறையும். 3,490 என்ற எண்ணும் தற்செயல் இல்லைங்க. மூன்றரை டன்னைத் தாண்டினால் சட்டத்தில் அடுத்த பிரிவு. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் அந்தப் பிரிவு லாரிகளுக்கு டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம். பத்துக் கிலோ குறைவாக நிற்கும் உங்கள் வண்டிக்கு அது கட்டாயமில்லை. சித்திரை வெயிலில் இன்ஜின் மேலேயே உட்கார்ந்து தோஸ்த் ஓட்டப்போகிறவர், ஏ.சி. உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்கிவிடுங்கள். லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்துவிட்டது. எஃப்.சி. எட்டு வருசம்வரை இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை, பிறகு வருசா வருசம். இன்னொன்று, வண்டிக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், முட்டைக்கு வரியே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வரி இல்லாத சரக்கை மட்டும் விற்பவருக்கு எடுத்துக்கொள்ள வரவும் இல்லை.

கடைசியாக வீட்டாரைக் கூட்டிப்போகும் ஆசை. இதை விட்டு விலகிப் போக எனக்கு மனசில்லை.

ஆடி பதினெட்டுக்கு மேட்டூர், அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கொல்லிமலை, பங்காளி வீட்டுக் காதுகுத்து, கெடாவெட்டு. தொட்டியில் பழைய போர்வையை விரித்துப் பதினைந்து பேர் ஏறிக்கொள்கிறார்கள். பாட்டி கேபினில், பேத்திகள் பின்னால். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் தொட்டியில் நிற்கும் பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. மூட்டை சாய்ந்தால் அங்கேயே கிடக்கும். மனிதர்கள் பயந்து எழுந்து மறுபக்கம் பாய்வார்கள். அப்புறம் நடப்பதை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம், படித்துவிட்டு அடுத்த ஆடிக்கும் அதே போர்வையை விரிக்கிறோம்.

அந்தப் பதினைந்து பேருக்கும் இன்சூரன்ஸ் கிடையாது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய பயணிக்கு நட்ட ஈடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு வந்தால் அது வேறு. உங்கள் அத்தையும் மாமாவும் சரக்கின் சொந்தக்காரர்கள் இல்லையே. நட்ட ஈட்டை வண்டிக்குச் சொந்தக்காரரான நீங்கள் கட்ட வேண்டும், காட்டை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும். வண்டியில் ஏறியவர்கள் சொந்தக்காரர்கள் என்பதால் கேஸ் போட மாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் சொந்தம் எவ்வளவு நாள் பேசாமல் இருக்கும்?

ஒரே வண்டிதான் வாங்க முடியும், குடும்பமும் போக வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. பொலேரோவிலேயே கேம்ப்பர் வருகிறது. பின் சீட்டோடு ஐந்து பேர் உட்காரலாம், தொட்டியில் ஏறத்தாழ ஒரு டன். மெத்தை சுகம் எதிர்பார்க்காதீர்கள். பத்தாயிரம் கோழி உள்ள பண்ணையில் ஒரு நாள் தீவனத்தைக் கிட்டத்தட்ட ஒரே நடையில் கொண்டுவந்து, சாயங்காலம் பிள்ளைகளை டியூஷனில் விட அது போதும். சிலர் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்று மேலே பார்க்கிறார்கள். 2022 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸில் 2.8 லிட்டர் இன்ஜின், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், நாலு சக்கரமும் இழுக்கும். தாய்லாந்தில் அதுதான் குடும்ப வண்டி. அருமையான வண்டிங்க, மறுக்கவில்லை. ஆனால் முப்பது லட்சத்தைத் தாண்டிக் கொடுத்து, வெள்ளை போர்டு மாட்டி, ஐந்தே கால் மீட்டருக்கும் மேல் நீளமுள்ள வண்டியைக் கோட்டை ரோட்டில் நிறுத்த இடம் தேடுபவர் அதில் முட்டை ஏற்றப்போவதில்லை. போர்வெல் ரிக் வண்டி நாலு வைத்திருக்கும் திருச்செங்கோட்டு அண்ணன்கள் வாங்கட்டும், அவர்களுக்கு சைட்டுக்குப் போய்வர அது பொருத்தம். முதல் வண்டி எடுக்கும் உங்களுக்கு வேண்டாம். வருசத்தில் ஐந்தாறு தடவை கோயிலுக்குப் போக ஒரு வேன் வாடகைக்கு எடுங்கள்.

புக் பண்ணும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இப்போது வாடகை வண்டியில் போகும் உங்கள் சரக்கை, கனமான நாளில் ஒரு தடவை எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். கண் மதிப்பில் 'ஒன்றரை டன் இருக்கும்' என்றது இரண்டே கால் டன் காட்டினால், இந்த இரண்டு வண்டியும் உங்களுக்கு இல்லை, அடுத்த அளவு லாரியைப் பாருங்கள். வண்டி எடுத்து, கூண்டு கட்டி முடித்த அன்றைக்கும் காலி வண்டியை அதே எடை மேடையில் ஏற்றுங்கள். கூண்டு கட்டுபவர் நூறு கிலோ என்றது இருநூற்றைம்பது கிலோவாக வந்து நிற்பதுண்டு. எங்கள் ஆட்கள் இரும்பைத் தாராளமாகப் போடுவார்கள், கேட்டால் உறுதி என்பார்கள். அந்தச் சீட்டின் ஒரு நகலை டிரைவர் சீட்டுக்கு மேலே ஒட்டிவையுங்கள், லோடு ஏற்றும் பையன் கண்ணில் படும்படி.

அன்புடன்,
நாமக்கல் பட்டறைத் தெருவிலிருந்து உங்கள் அண்ணன்